அணிலுக்கு எந்தத் துப்பாக்கி?

வெட்டிக்கோட்டை ராஜா ரணவிஜய பூபதி பெரிய வேட்டைக்காரர். இதை வேறு யாரும் சொல்லவில்லை, அவரே சொன்னதுதான். என்ன ஒன்று, சுடும்போது இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொள்வார். அரண்மனையில் எல்லாருக்கும் இது தெரியும். வாயைத் திறக்கத்தான் ஆளில்லை. குறி தவறினால் ராஜா மேல் குற்றம் சொல்ல முடியுமா? சிவ சிவா! துப்பாக்கி சரியில்லை என்பார். அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவனுக்கு மொட்டையடித்து, கழுதை மேல் ஏற்றி, ஊரைவிட்டே துரத்திவிடுவார். அந்த வருஷத்தில் மட்டும் மூன்று பேர் அப்படிப் போயிருந்தார்கள்.

ஒருநாள் ராஜா தோட்டத்து மாமரத்தடியில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். மேலே ஒரு அணில் மாம்பழம் தின்றுகொண்டிருந்தது. தின்று முடித்ததும் கொட்டையை விட்டது. கொட்டை நேரே பாயசக் கிண்ணத்தில் விழுந்தது. ராஜாவின் முகமெல்லாம் முந்திரிப்பருப்பு.

"விடமாட்டேன்! நாளைக் காலையில் அந்த அணிலை என் கையால் சுடுகிறேன்!" என்று குதித்தார்.

தளபதி இடும்பராயருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அவருக்கும் சபையின் விகடர் குத்தாலம் பிள்ளைக்கும் ஆகவே ஆகாது. ஆளை ஒழிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா?

"மகாராஜா, புலியை யார் வேண்டுமானாலும் சுடலாம். அணில் வேட்டை நுணுக்கமான காரியம். துப்பாக்கியும் தோட்டாவும் தேர்ந்தெடுக்க மூளை வேண்டும். நம்ம பிள்ளையை விட்டால் வேறு யார்?"

"ஓய் பிள்ளை, நீரே தேர்ந்தெடும். அணில் தப்பினால் கழுதை தயாராக இருக்கும்" என்றார் ராஜா.

பிள்ளை குடுமியை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். பாவம், முப்பது வருஷமாக எண்ணெய் தடவி வளர்த்த குடுமி.

மறுநாள் காலை மாமரத்தடியில் துப்பாக்கிகளை வரிசையாகப் பரப்பினார் தளபதி. ராஜா முதலாவதைத் தூக்கிப் பிள்ளையைப் பார்த்தார்.

"இது எப்படி?"

"யானைத் துப்பாக்கி, மகாராஜா. குண்டு எலுமிச்சம்பழம் பெரிசு. அணிலைவிடக் குண்டு பெரிசாக இருந்தால் யார் யாரை வேட்டையாடியது என்று ஊரில் குழப்பம் வரும்."

"அப்படியானால் இது?"

"இதில் ஈய ரவை போட வேண்டும். நூறு ரவை சிதறிப் போகும். நூறு மாம்பழம் விழும். எதிரிக்கு நாமே விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும்."

பிள்ளை கடைசியில் வாய் அகன்ற ஒரு பழைய துப்பாக்கியை எடுத்தார். அதில் நாலு பிடி வெடிமருந்து கொட்டினார். மேலே இரண்டு பிடி தேங்காய் நார் வைத்து இடித்தார். அதற்கும் மேலே கடுகளவு ஒரு ஈயத்துளி.

"இவ்வளவுதான் குண்டா?" என்றார் ராஜா.

"அணிலின் உடம்புக்கு இதுவே அதிகம், மகாராஜா. பசியறிந்துதானே பரிமாற வேண்டும்?"

ராஜா துப்பாக்கியைத் தோளில் வைத்தார். இரண்டு கண்ணையும் மூடினார். திரியில் நெருப்பு வைத்தார்கள்.

டமார்!

காக்கை குருவியெல்லாம் அடுத்த ஊருக்கே போய்விட்டன. ஒரே புகை. தோட்டம் தெரியவில்லை, மரம் தெரியவில்லை. ராஜா பின்னால் விழுந்து தரையில் உட்கார்ந்திருந்தார். புகை அடங்கிப் பார்த்தால் அணிலைக் காணோம்.

"தப்பி ஓடிவிட்டது! என் கண்ணால் பார்த்தேன்!" என்று துள்ளினார் தளபதி. "கழுதையைக் கொண்டுவாருங்கள்!"

பிள்ளை அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. ராஜாவிடம் கைகட்டி நின்றார்.

"சுட்டது மகாராஜா. குறிபார்த்ததும் மகாராஜா. தாங்கள் கண்ணால் என்ன கண்டீர்கள்?"

ராஜா திருதிருவென்று விழித்தார். கண்ணை மூடியிருந்தேன் என்று சொல்ல முடியுமா?

"குண்டு நெஞ்சில் பட்டது. தெளிவாகப் பார்த்தேன்" என்றார்.

"அப்படியானால் உடல் எங்கே?" என்று கத்தினார் தளபதி.

"புகை மூட்டத்தில் சொந்தக்காரர்கள் வந்து தூக்கிப் போய்விட்டார்கள். அதுகளுக்கும் குடும்பம் இருக்காதா?" என்றார் பிள்ளை.

அந்த நேரம் பார்த்து அணில் திரும்பி வந்தது. அதே கிளையில் அமர்ந்து, அதே மாதிரி ஒரு பழத்தைக் கடித்தது.

"அதோ! அதோ பாருங்கள்!" தளபதிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பிள்ளை உதட்டில் விரலை வைத்தார். "மெதுவாகப் பேசும், ஐயா. சாவு வீடு. இவர் செத்தவரின் அண்ணன். சேதி கேட்டு ஓடி வந்திருக்கிறார்."

ராஜாவின் முகம் மாறிவிட்டது. தலைப்பாகையைக் கழற்றினார்.

"போனவருக்குக் குழந்தை குட்டி உண்டா?"

"மூன்று, மகாராஜா. கடைக்குட்டி இன்னும் கண்கூடத் திறக்கவில்லை."

ராஜா மூக்கை உறிஞ்சினார். "மகாராஜா, அது அதே அணில்! இன்னொரு தடவை சுடுங்கள்!" என்று தளபதி கெஞ்சினார். ராஜாவுக்கு வந்ததே கோபம்!

"சீ, ஈவு இரக்கம் இல்லாத மனுஷா! துக்க வீட்டிலா துப்பாக்கி?"

"இன்னொரு முறையும் இருக்கிறது" என்று பிள்ளை மெல்ல இழுத்தார். "துக்க வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டார்தான் சாப்பாடு அனுப்ப வேண்டும்."

"பக்கத்து வீடு யாருடையது?"

எல்லாரும் அரண்மனையைப் பார்த்தார்கள்.

"நம்முடையதுதான்" என்றார் ராஜா தழுதழுத்து. "பதினாறு நாளும் நம் சாப்பாடு. சாதாரண ஆளை அனுப்பினால் மரியாதையாக இருக்காது. இடும்பராயரே, நீரே கொண்டுபோம்."

தளபதி வாளைக் கழற்றி வைத்தார். சோறு, ரசம், சுட்ட அப்பளம். தூக்குச்சட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு மாமரத்தில் ஏறினார். பாதி ரசம் மீசையில் வழிந்தது. அவர் கிளையை எட்டிப் பிடித்தபோது, கீழேயிருந்து ராஜா கைகளை வாயருகே குவித்துக் கத்தினார்:

"தளபதி! இறங்கும்போது பழக்க தோஷத்தில் 'போய்ட்டு வரேன்'னு சொல்லித் தொலைக்காதீர்!"