இருபத்தேழாவது வாரம்

ஒன்பது வருடம் தேடின பொருள் கிடைத்துவிட்டால் மனிதனுக்கு நடையே மாறிவிடும். திருச்சி மலைக்கோட்டைக்குப் பின்னால் இருக்கிற பழைய புத்தகச் சந்தில், காலை பதினோரு மணி வெயிலில், நாகசுந்தரம் புது மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தார். வயது அறுபத்து நான்கு.

குழந்தை தெரசு கடை வாசலில் உட்கார்ந்து பழைய நீட் கைடுகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை என்பது பேரில்தான்; அவளுக்கு நாற்பது இருக்கும். இருந்தும் நாகசுந்தரத்துக்கு அவள்தான் குரு. ஒன்பது வருடத்துக்கு முன்னால், "எந்தெந்தப் புத்தகம் சேர்க்கலாம்?" என்று இரண்டு பக்கப் பட்டியலோடு அவர் வந்து நின்றபோது, "முதல்ல அந்தத் தாளைக் குடுங்க, பொட்டலம் கட்டணும்" என்றாள். பட்டியலை அப்படியே கொடுத்துவிட்டு, அன்றிலிருந்து சிஷ்யராகிவிட்டார்.

"என்ன சார், வீட்ல விசேஷமா?"

"அதைவிடப் பெரிசு, தெரசம்மா."

பையிலிருந்து இரண்டு பொருளை எடுத்து வைத்தார். ஒன்று, வேட்டித் துணியில் சுற்றிய தடிமனான வால்யூம். இன்னொன்று, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பழைய வாரப் பத்திரிகை.

வால்யூம் அவளுக்குத் தெரிந்ததுதான். அவளே விற்றது. அறுபது வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு வீட்டுப் பெண், வாரா வாரம் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து, அட்டை போட்டு வைத்தது. நாற்பத்தோரு அத்தியாயம். நடுவில் இருபத்தேழாவது மட்டும் அச்சில் இல்லை. அந்த இடத்தில் கோடு போட்ட நோட்டுத்தாள் நான்கு. எட்டுப் பக்கமும் நீல மசியில் பொடிக் கையெழுத்து.

நாகசுந்தரம் சர்வே துறையில் நிலம் அளந்தவர். ஒரு விரற்கடை குறைந்தாலும் சாப்பாடு இறங்காத மனிதர். அவர் வீட்டில் அலமாரி அலமாரியாகப் புத்தகம். அத்தனையும் தூசி தட்டுகிறவள் அவர் மனைவி அமிர்தவல்லி. அவளைப் பற்றி எந்த சேகரிப்பாளரும் கட்டுரை எழுதினதில்லை.

"துறையூர்ல ஒரு வாசகசாலையைக் காலி பண்ணாங்க. கட்டோட கட்டா கிடந்தது. அந்த வாரத்து இதழேதான். இருபத்தேழு. ஒரு பக்கம் கிழியலை."

"வாழ்த்துகள் சார். மோர் குடிக்கிறீங்களா?"

"மோரெல்லாம் அப்புறம். நடுவுல இருக்கிற நோட்டுத்தாளை எடுத்துட்டு, இதை வெச்சுத் தெச்சுக் குடுங்க. சனிக்கிழமை வேணும்."

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு கல்லூரி நூலகத்தில் புதிதாகக் கண்ணாடிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். இந்தத் தொடர்கதையின் குறையில்லாத பிரதி ஒன்றைச் சனிக்கிழமை தேர்ந்தெடுத்து அதில் வைக்கப் போகிறார்கள்; கொடுத்தவர் பெயரைப் பித்தளையில் பொறித்து. போட்டிக்கு இருப்பது ஒரே ஒருவர், ஸ்ரீரங்கத்துப் பல் டாக்டர் ரங்கப்ரசாத். அவரிடம் நாற்பத்தொன்றும் அச்சிலேயே இருக்கிறது, ஆனால் அட்டை கரையான் தின்றது, படங்கள் வெளுத்துப் போனவை. நாகசுந்தரத்தின் பிரதி நேற்று வந்த மாதிரி இருக்கும். அந்த ஒரு வாரத்தைத் தவிர. ஒவ்வொரு சந்திப்பிலும் டாக்டர் கேட்பார்: "என்ன சார், உங்க வால்யூமுக்கு அந்தப் பல் முளைச்சுதா?" சுற்றி இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். நாகசுந்தரமும் சிரிப்பார். ஒன்பது வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

தெரசு கைடுக் கட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு வால்யூமைப் பிரித்தாள். நோட்டுத்தாள் வந்த இடத்தில் நிறுத்தினாள்.

"இதைப் படிச்சிருக்கீங்களா சார்?"

"எதை?"

"கையில எழுதினதை."

"அது ஒரிஜினல் இல்லையே."

"அப்போ இருபத்தாறு படிச்சுட்டு?"

"இருபத்தெட்டு."

"நடுவுல?"

"அச்சுல கிடைக்கட்டும்னு வெச்சிருந்தேன். பஸ்ஸுல வரும்போதுதான் இதைப் படிச்சேன். அருமை."

தெருவில் தண்ணீர் தேங்கியிருந்தால் வேட்டியைத் தூக்கிக்கொண்டு தாண்டுவோம் இல்லையா, அப்படி அந்த எட்டுப் பக்கத்தை ஒன்பது வருடம் தாண்டியிருக்கிறார் மனிதர். தெரசு பத்திரிகையை உறையிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வால்யூமை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஒத்துப் பாக்கணும் சார். ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணை வெக்கறப்போ, ரெண்டும் ஒண்ணுதானான்னு பாக்காம நான் நூலை அறுக்கறதில்ல. அப்புறம் பக்கம் விட்டுப்போச்சுன்னு என்கிட்டதான் வருவீங்க. நீங்க அதை வாசிங்க. நான் இதுல பாத்துட்டு வரேன்."

"அச்சுல இருக்கிறதைத்தானே காப்பி அடிச்சிருப்பாங்க? நேரத்துக்குக் கேடு."

"எனக்கு நேரம் இருக்கு."

குரு சொன்னால் சிஷ்யன் என்ன செய்வான்? மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

முதல் பக்கத்து உச்சியில் கதைக்கு முன்னால் இரண்டு வரி இருந்தது. அதையும் வாசித்தார். "'இதழ் எதிர்வீட்டு ராஜத்திடம் இரவல். ஐந்து மணிக்குள் திருப்ப வேண்டும்.'"

"அது இதுல இல்ல. மேல போங்க."

கதை இதுதான். வனஜா என்கிற பெண் பிறந்த வீட்டில் இருந்துகொண்டு ஆசிரியர் பயிற்சிப் பரீட்சைக்குப் படிக்கிறாள். பரீட்சைக்கு இன்னும் ஒரு வாரம். புகுந்த வீட்டிலிருந்து அவளை அழைத்துப் போக மாட்டுவண்டி வந்து வாசலில் நிற்கிறது.

நாகசுந்தரம் வாசித்தார். ஒவ்வொரு பத்தி முடிவிலும் தெரசு "சரி" என்றாள்.

அப்பா தலையைக் குனிந்துகொள்கிறார். சரி. அம்மா பெட்டியை எடுத்து வைக்கிறாள். சரி. வனஜா புத்தகத்தை மூடி, மறுபடி திறந்து, மறுபடி மூடுகிறாள். சரி.

மூன்றாம் பக்கத்தில் ஒரு மஞ்சள் விரல் ரேகை. ஐந்தாம் பக்கத்தில் பாதி வரியில் எழுத்து நின்று, வேறு சாய்மானத்தில் மறுபடி தொடங்கியிருந்தது.

"இங்க யாரோ கூப்பிட்டிருக்காங்க" என்றாள் தெரசு, எட்டிப் பார்த்து. "எந்திரிச்சுப் போயிட்டு வந்து எழுதியிருக்கா. வார்த்தை சரியாதான் இருக்கு. வாசிங்க."

ஆறாம் பக்கத்தில் பத்திரிகை ஓவியத்தைக்கூட விடாமல் எழுதினவள் பென்சிலில் வரைந்திருந்தாள்.

"மாடு ஆடு மாதிரி இருக்கே" என்றார் நாகசுந்தரம்.

"நாலரை மணி ஆயிருக்கும் சார். மாட்டுக்கு இதுக்கு மேல நேரமில்ல."

அவருக்குச் சிரிப்பு வந்தது. எட்டாம் பக்கம் வந்தபோது அவர் குரலில் அவசரம் குறைந்திருந்தது.

"'வனஜா வாசற்படி இறங்கி வந்தாள். வண்டிக்காரன் எழுந்து நின்றான்.'"

"சரி."

"'மாடுகள் இரண்டும் அவளைத் திரும்பிப் பார்த்தன.'"

"சரி."

"'வனஜா வண்டிக்காரனிடம் சொன்னாள். நான் வரவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு நீ போ. அவள் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்தாள். தொடரும்.'"

தெரசு சரி என்று சொல்லவில்லை.

நாகசுந்தரம் நிமிர்ந்தார். "அப்படியா இருக்கு அதுல?"

அவருக்கே தெரியும், பஸ்ஸில் படித்ததுதானே. தெரசு மடியில் இருந்ததை வாசித்தாள். "'வனஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டிப் படியில் கால் வைத்தாள். வண்டி நகர்ந்தது. தொடரும்.'"

சந்தில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்கள். அது போனதும் நாகசுந்தரம் கேட்டார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா தெரசம்மா?"

"கையெழுத்தைப் படிச்சிருக்கேன். படிக்காம விக்க மாட்டேன். ஆனா அச்சை இன்னிக்குத்தான் பாக்கறேன். கதையே அப்படித்தான்னு நெனச்சுட்டிருந்தேன்."

"அஞ்சு மணி ஆயிருக்கும். இதழைத் திருப்பிக் குடுத்திருப்பாங்க. கடைசி வரி மறந்துபோய், ஏதோ நினைவுல எழுதியிருப்பாங்க."

"எட்டுப் பக்கம் ஒரு கமா தப்பாம எழுதினவங்களுக்கு, வண்டி ஏறினாளா இல்லையாங்கிறது மறந்துபோச்சாக்கும்."

நாகசுந்தரம் பக்கத்தைப் புரட்டினார். இருபத்தெட்டு. அச்சு. முதல் வரியிலேயே வனஜா மாமியார் வீட்டுச் சமையலறையில் புகைக்கு நடுவே இருமிக்கொண்டிருந்தாள். இதை எத்தனையோ முறை படித்திருக்கிறார். இன்றைக்கு அந்த இருமல் வேறு மாதிரி கேட்டது.

"பொருந்தலையே தெரசம்மா. வரமாட்டேன்னு சொன்னவ அடுத்த அத்தியாயத்துல அங்கதானே இருக்கா. எப்படிப் போனா?"

"அடுத்த வாரம் பத்திரிகை வந்துடுச்சு சார். வந்ததைத் தெச்சுட்டாங்க."

"தெரிஞ்சேவா?"

"தைக்கும்போது தெரியாமலா இருக்கும்? முழுக் கதையும் முடிஞ்சப்புறம்தானே அட்டை போட்டிருக்காங்க. இந்த நாலு தாளை மாத்தணும்னா அன்னிக்கே மாத்தியிருக்கலாம். ராஜத்தோட வீடு எதிர்லதானே."

அவர் நோட்டுத்தாளை விரலால் தடவினார். பெயர் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். எங்கேயும் இல்லை. ராஜத்தின் பெயர் இருந்தது, வனஜாவின் பெயர் இருந்தது. எழுதினவள் பெயர் இல்லை.

தெரசு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் பிளேடும் ஊசிநூலும் இருந்தன. பிளேடை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"நாலு தாள்தான். நூலும் பழசு, தொட்டாலே வந்துடும். நீங்களே எடுத்துக் குடுங்க. நான் அதைத் தெச்சுத் தரேன்."

"நானா?"

"உங்க புத்தகம் சார்."

நாகசுந்தரம் பிளேடை எடுத்தார். முப்பத்து மூன்று வருடம் எல்லைக் கல் நட்ட கை. தையல் தெரிகிற இடத்தில் கொண்டுபோய் வைத்தார். பிளேடு முனையில் முதல் முடிச்சு, பழைய வெள்ளை நூல். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு பிளேடைக் காகிதத்தில் மடித்து, ஓரமாக வைத்தார்.

"பித்தளையில பேர் போட்டுடுவாங்க, தெரசம்மா. ஒரு தரம் போட்டா அவ்வளவுதான்."

"ம்."

"நான் எடுக்கலைன்னா டாக்டரோட பிரதியைத்தான் கண்ணாடிக்குள்ள வெப்பாங்க."

தெரசு கைடுக் கட்டை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வெக்கட்டும் சார். அதுல அவ வண்டி ஏறிடுறா."