தலையாட்டலுக்கு ஒரு செப்பேடு

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. நாட்டுக்குப் பெயரும் இருந்தது. ஆனால் அந்தப் பெயரை யாரோ ஒருவர் தம் பெயரில் பதிந்து வைத்துவிட்டார். அவருடைய அனுமதி இன்னும் கைக்கு வந்து சேராததால் இங்கே சொல்வதற்கில்லை. மன்னர் பெயருக்குத் தடையில்லை: பெருங்கீர்த்தி.

பெருங்கீர்த்தி மன்னர் ஒரு தடவை பக்கத்து நாட்டுக் கல்யாணத்துக்குப் போனார். பந்தியில் அவர் தலைக்கு மேல் ஒரு விசிறி, ஆள் யாரும் இல்லாமல், தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"எங்கள் ஊர்த் தச்சன் செய்தது. உங்கள் ஊரில் இப்படி ஏதாவது உண்டா?" என்று பக்கத்து நாட்டு மன்னர் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

பெருங்கீர்த்திக்கு அப்பளம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

ஊர் திரும்பியதும் முரசு அறையச் சொன்னார். புதிதாக ஒன்றைச் செய்து காட்டுகிறவருக்கு அரச முத்திரையிட்ட செப்பேடு. சந்திர சூரியர் உள்ளவரை அந்தப் பொருள் அவருடையது. அவரைக் கேட்காமல் மற்றவர் அதைச் செய்யவோ பயன்படுத்தவோ கூடாது. மீறினால் கருவி பறிமுதல்.

நல்ல சட்டம்தான். நடத்தும் பொறுப்பு மட்டும் மார்த்தாண்டராயரிடம் போயிற்று. அரண்மனை ஓலைகளுக்கெல்லாம் தலைவர் என்பதால் அவருக்கு ஓலைநாயகம் என்று பட்டம். "பதிவுச் சுவடியில் இல்லாதது உலகத்தில் இல்லாதது" என்பது அவர் கொள்கை. பொழுது விடிந்ததைக்கூடச் சுவடியைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார் என்று ஊரில் பேச்சு.

அவரிடம்தான் நெசவாளர் தெருச் செங்கமலம் வந்து மாட்டிக்கொண்டாள்.

செங்கமலம் நெய்தது அரண்மனைத் தறியில். மாதம் நாலு சேலை கொடுக்க வேண்டும். குறைந்தால் தறியைப் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இடுப்பில் எட்டு மாதப் பிள்ளை. கீழே விட்டால் அழும், தூக்கினால் தறி நிற்கும். ஒருநாள் அவள் தறியின் மிதிக்கட்டையில் ஒரு கயிற்றைக் கட்டி, உத்தரத்து வளையம் வழியாக விட்டு, மறுமுனையைத் தொட்டிலில் முடிந்தாள். மிதிக்க மிதிக்கச் சேலை வளர்ந்தது, தொட்டிலும் ஆடியது. பிள்ளை தூங்கிப்போனது. எத்தனையோ காலமாகக் காலும் இருந்தது, கயிறும் இருந்தது, அழுகிற பிள்ளையும் இருந்தது. மூன்றையும் ஒன்றாகப் பார்க்க ஒருத்திக்குத்தான் கண் இருந்தது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அவளே போய்க் கட்டிக் கொடுத்தாள். இரண்டு வருஷத்தில் நாற்பது வீட்டில் மிதித்தொட்டில் ஆடியது.

முரசு கேட்டு, "உனக்கும் ஒரு செப்பேடு வாங்கேன் அக்கா" என்று தெருவே தள்ளிவிட்டதால் ஓலை எழுதிக்கொண்டு ஓலைநாயகத்திடம் போனாள்.

"கயிறு பழையது. தொட்டிலும் பழையது. இதில் புதிது என்ன?" என்றார் அவர்.

"இரண்டையும் காலோட சேர்த்தது சாமி."

"கால் பிரம்மன் படைத்தது. அவர் ஒப்புதல் இருக்கிறதா?"

அடுத்த தடவை, படம் ஓலைக்குக் குறுக்காக இருக்கிறது என்றார். நெடுக்காக வரைந்து போனால் தொட்டில் பல்லி மாதிரி இருக்கிறது என்றார். படத்திலுள்ள பிள்ளைக்குப் பெயரில்லை என்று ஒரு தடவை. பெயர் போட்டுக்கொண்டு போனால், பிள்ளை விழித்திருக்கிறதா தூங்குகிறதா என்று தெளிவில்லை. பதினோராவது தடவை, "வைத்துவிட்டுப் போ, பார்க்கலாம்" என்றார்.

பார்த்தார். மறுவாரமே மிதித்தொட்டிலுக்குச் செப்பேடு வெளியானது, மார்த்தாண்டராயர் பெயரில். அவர் வீட்டில் அப்போதுதான் ஒரு பேரன் பிறந்திருந்தான். காவலர் தலைவன் கத்தியோடு வந்து நாற்பது வீட்டுக் கயிற்றையும் அறுத்துப் பறிமுதல் செய்தான்.

அரசவை விகடர் திருமேனிக்கு இதெல்லாம் தெரியாது. ஈர்க்குச்சி போன்ற உடம்புக்குத் திருமேனி என்று பெயர் வைத்ததே அவருடைய அப்பாவின் முதல் விகடம். திருவிழாவுக்குச் சொல்லியிருந்த வேட்டியை வாங்கச் செங்கமலத்தின் வீட்டுக்குப் போனவர் வாசலிலேயே காதைப் பொத்திக்கொண்டார். நாற்பது வீட்டிலும் நாற்பது அழுகை.

"என் வேட்டி எங்கே தாயே?"

"ஒரு முழம் ஆகியிருக்கு அண்ணே. அவசரமென்றால் கட்டிக்கோங்க."

"ஊர் தாங்காது தாயே."

அவள் சிரிக்கவில்லை. ஒரு கை இரண்டாவது பிள்ளையின் தொட்டிலில், ஒரு கை தறியில். "இந்த மாசம் இரண்டு சேலைகூட முடியாது. பௌர்ணமிக்கு மறுநாள் தறியைத் தூக்க வராங்க" என்றாள். நடந்ததையும் சொன்னாள்.

திருமேனி நேராக அவைக்குப் போய் மன்னரிடம் முறையிட்டார்.

"இரண்டு வருஷமாக அந்தத் தொட்டில் அங்கே ஆடுகிறது அரசே. தெருவே பார்த்திருக்கிறது."

"தெரு பார்த்தது சாட்சியாகாது. ஓலை உண்டா?" என்றார் மார்த்தாண்டராயர். தம்மைப் பார்த்து மாதம் ஒரு தடவை சிரிக்கும் மன்னர், திருமேனியைப் பார்த்து நாளுக்கு ஒன்பது தடவை சிரிக்கிறாரே என்ற எரிச்சல் அவருக்கு நெடுநாளாக உண்டு.

மன்னர் தாடியைத் தடவினார். "முத்திரை வைத்த வாக்கை நாம் திரும்பப் பெறுவதில்லை. ஆனால் ஓலைநாயகமே நிறைந்த அவையில், 'ஓலை எதற்கு, ஊரே சாட்சி' என்று தம் வாயால் சொன்னால் அந்தச் செப்பேட்டை உருக்கிவிடுவோம். பௌர்ணமிக்குள் சொல்ல வையும் திருமேனி. முடியாவிட்டால் நாற்பது வீட்டுத் தொட்டிலையும் நீரே ஆட்ட வேண்டும்."

"அந்தச் சொல் என் வாயில் வருமுன் என் தலை போகட்டும் அரசே!" என்றார் மார்த்தாண்டராயர். அவையோர் அறுபத்துநான்கு பேரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள்.

திருமேனி அந்தத் தலைகளை வரிசையாகப் பார்த்தார். "எனக்கு எழுத ஓர் ஓலை மட்டும் கொடுங்கள் அரசே" என்றார்.

மறுநாள் ஓலைநாயகத்தின் முன் ஒரு விண்ணப்பம் இருந்தது.

"பொருள்: தலையாட்டல். செய்முறை: மேலானவர் பேசி முடித்ததும், அல்லது முடிக்குமுன்பே, தலையை முன்னே சாய்த்துப் பின்னே எடுத்தல். இரண்டு முதல் இருபது தடவை வரை. வேண்டிய உறுப்பு: கழுத்து. வேண்டாத உறுப்பு: மூளை. இப்படிக்கு, திருமேனி."

மார்த்தாண்டராயர் சுவடியை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். தலையாட்டல் இல்லை. 'எல்லாரும் ஆட்டுகிறார்களே' என்று சொல்லி மறுக்கலாம். மறுத்தால் ஊரைச் சாட்சிக்கு அழைத்ததாகிவிடும், திருமேனி ஜெயித்துவிடுவான். கொடுத்துத் தொலைத்தால் என்ன? பைத்தியம் என்று ஊர் சிரிக்கும், அவ்வளவுதானே. கொடுத்தார். மன்னர் எப்போதும் காலைப் பலகாரத்துக்கு நடுவில்தான் முத்திரை குத்துவார். எதையும் படிக்கிற வழக்கமில்லை. குத்தினார்.

பௌர்ணமியன்று அவை கூடியது. திருமேனி எழுந்து செப்பேட்டைத் தூக்கிக் காட்டி, "இன்று முதல் என் அனுமதியின்றி யாரும் தலையாட்டக் கூடாது. மீறினால் கருவி பறிமுதல்" என்று படித்துவிட்டு உட்கார்ந்தார். மன்னருக்கே வியப்பாக இருந்தது. தம் முத்திரைதான்.

"சரி, நடக்கட்டும்" என்று மன்னர் வேலையைத் தொடங்கினார். "அரண்மனை மாடியில் தாமரைக்குளம் வெட்ட எண்ணியுள்ளோம். ஆற்றை அப்படியே மாடிப்படி வழியாக மேலே திருப்பிவிடலாம். என்ன சொல்கிறீர்கள்?"

அறுபத்துநான்கு கழுத்தும் கல்லாக நின்றன. ஒருவர் விட்டத்தைப் பார்த்தார். இன்னொருவர் தம் தாடையைக் கையால் பிடித்துக்கொண்டார். வேறு வழியே இல்லாமல் கிழட்டுச் சேனாதிபதி வாயைத் திறந்தார்.

"தண்ணீர் மேலே ஏறாது அரசே."

"ஏறாதா?" மன்னர் திகைத்தார். "இப்படி ஒருவரும் ஏன் இத்தனை நாள் எடுத்துச் சொல்லவில்லை?"

"இத்தனை நாள் தலையாட்ட வசதி இருந்தது அரசே."

"நல்லது. அப்படியானால் குளத்தைக் கீழேயே வெட்டலாம், இல்லையா மார்த்தாண்டராயரே?"

முப்பது வருஷப் பழக்கம். மார்த்தாண்டராயரின் தலை, அவரைக் கேட்காமலே, மூன்று தடவை ஆடிவிட்டது.

"ஆடியது!" என்று திருமேனி எழுந்தார். "காவலரே, சட்டப்படி கருவியைப் பறிமுதல் செய்யுங்கள்."

கயிறு அறுத்த அதே காவலர் தலைவன் அதே கத்தியோடு வந்தான். அவன் கடமையில் குறை வைக்காதவன். "ஐயா, கழுத்து மட்டும் போதுமா, மேலே இருப்பதும் சேர்ந்து வரவேண்டுமா?" என்று பணிவாகக் கேட்டான்.

"செய்முறையில் கழுத்து என்றுதான் இருக்கிறது. மேலே இருப்பது எனக்குத் தேவையில்லை" என்றார் திருமேனி.

"மகாராஜா!" மார்த்தாண்டராயர் தூணைக் கட்டிக்கொண்டு அலறினார். "இது அநியாயம்! பிறந்ததிலிருந்து தலையாட்டுகிறேன்! என் தகப்பனார் உங்கள் தகப்பனாருக்கு ஆட்டினார்! இவன் நேற்று எழுதிக் கொடுத்துவிட்டால் இவனுடையதாகிவிடுமா?"

திருமேனி குறுக்கிட்டார்: "பதிவுச் சுவடியில் இல்லையே. ஓலை உண்டா?"

"ஓலை எதற்கு! ஊரே சாட்சி!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்குத் தெரிந்தது. காவலர் தலைவன் கத்தியை உறையில் போட்டான்.

மன்னர் செங்கமலத்தை அழைத்துவரச் சொல்லி, மார்த்தாண்டராயர் பதிந்து வைத்திருந்த படத்தை விரித்தார். கயிற்றின் நடுவில் ஒரு பெரிய முடிச்சு. "இது எதற்கு ஓலைநாயகமே?"

"அ... அலங்காரம் அரசே."

"அம்மா, நீ சொல்."

"முதல்ல பிள்ளைக்குப் பதிலா பரங்கிக்காயை வைத்துப் பார்த்தேன் மகாராஜா. வேகமா மிதிச்சதும் தொட்டில் தறித்தூணில் மோதிக் காய் பிளந்துபோச்சு. வளையத்துக்குள்ள நுழையாத மாதிரி ஒரு முடிச்சு போட்டா, கயிறு அதுக்கு மேல இழுக்காது. அந்த முடிச்சுக்குச் சரியான இடம் கிடைக்க மூணு பரங்கிக்காய் ஆச்சு. மூணு நாளும் பரங்கிக்காய்க் குழம்புதான்."

மன்னர் எழுந்து நின்றார். கும்பிடுவது அவர் வழக்கமில்லை. கை தானாகக் குவிந்தது. "பக்கத்து நாட்டு விசிறி காற்று மட்டும்தான் தரும்" என்றார். பழைய செப்பேட்டை உருக்கி, புதியதில் செங்கமலம் பெயரைப் பொறிக்கச் சொன்னார். "அரண்மனைத் தறி இனி உன் சொந்தத் தறி. வேறென்ன வேண்டும்?"

"ஒரு வரி சேர்க்கணும் மகாராஜா. வீட்டில் பிள்ளை அழுதால் யாரும் என்னைக் கேட்காமலே கட்டிக்கலாம். ஓலைநாயகம் ஐயா மட்டும் ஓலை எழுதிக்கொண்டு வந்து கேட்கட்டும்."

மூன்றாம் நாள் மார்த்தாண்டராயர் வந்தார். இடுப்பில் பேரன், கையில் ஓலை. பேரன் அழுத அழுகையில் தெருநாய் எழுந்து வேறிடம் போனது. செங்கமலம் ஓலையை வாங்கிப் பார்த்தாள்.

"படம் குறுக்கா இருக்கே சாமி. நாளைக்கு வாங்க."

ஆனால் அவர் திரும்புவதற்குள் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டாள். கயிறும் ஒரு மிதிக்கட்டையும் எடுத்துக்கொண்டு தானே கூடப் போய், முடிச்சை அளந்து போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

திருமேனி இதை அவையில் சொன்னபோது மன்னருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. கையிலிருந்த வைரக் காப்பைக் கழற்றித் திருமேனிக்குப் போட்டார். அது முழங்கை தாண்டித் தோள்வரை போய் நின்றது. தலையாட்டல் செப்பேட்டை என்ன செய்யலாம் என்று கேட்டார். "வாரத்தில் வெள்ளிக்கிழமை ஒருநாளுக்கு மட்டும் என்னிடமே இருக்கட்டும் அரசே. அன்றைக்காவது நாடு வாயால் பேசட்டும்" என்றார் திருமேனி.

அன்று வெள்ளிக்கிழமை. ஆகவே அவையில் ஒருவரும் தலையாட்டவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், சிரிப்புக்கு இன்னும் யாரும் செப்பேடு வாங்கவில்லை.