தொட்டிக்குள் நடந்த பந்தி

மேற்கு மலையில் இருந்த அந்த வைத்திய மடத்தில், நோயாளிக்குக் கட்டில் காட்டுவதற்கு முன்பே கூட வந்தவர் கையில் ஒரு தொட்டியைக் கொடுத்துவிடுவார்கள்.

தொட்டியில் ஒரு கஞ்சாச் செடி இருக்கும். அதற்குத் தண்ணீர் விட்டு, தீனி போட்டு வளர்ப்பது கூட வந்தவர் பொறுப்பு. பூத்ததும் காய்ச்சி எடுக்கிற எண்ணெய் அந்த நோயாளிக்கு. ஒரு கட்டிலுக்கு ஒரு தொட்டி. ஒருவர் எண்ணெயை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கும் வழக்கம் கிடையாது. துணைக்கு ஆள் இல்லாமல் வருகிறவர்களுக்காக மட்டும் குரு ஒரு தொட்டி வளர்த்தார்.

செடிகள் எல்லாம் கண்ணாடிக் கூரை போட்ட ஓர் அறைக்குள் பூட்டில் இருந்தன. பூட்டு பாதி குரங்குக்காக, பாதி அரசாங்கத்துக்காக. கதவுக்கு மேலே அனுமதிப் பத்திரம் சட்டம் போட்டுத் தொங்கியது. சாமி படம் என்று நினைத்து யாரோ அதற்கும் பூ வைத்திருந்தார்கள்.

குருவின் பெயர் மரகதவல்லி. வயது நாற்பதுகூட ஆகவில்லை. சீடர் கோமதிநாயகம் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்று கூப்பிட்டார். சீடர் குருவை அம்மா என்று கூப்பிட்டார். இரண்டு பேருக்கும் அது பொருத்தமாகவே இருந்தது.

கோமதிநாயகம் கோயில் கொடை விழாக்களில் பலகுரல் காட்டிப் பிழைத்தவர். தாசில்தார், மினி பஸ் கண்டக்டர், சண்டையில் தோற்ற சேவல், மைக் டெஸ்டிங் செய்கிறவர் என்று எவர் குரலும் அவர் தொண்டையில் குடியிருந்தது. மடத்துக்கு வந்த முதல் வாரத்திலேயே குருவின் குரலில் காலை மணி அடிக்கச் சொல்லி, மடம் முழுவதையும் இருட்டோடு எழுப்பிக் குளிக்கவைத்தார். ஈரத்தலையோடு எல்லோரும் நடுங்கி நின்றபோது குருதான் முதலில் சிரித்தார்.

அவர் மலைக்கு வந்தது தங்கை பிரமுவுக்காக. நோய் அவள் எலும்புக்குள் போய்விட்டது. டவுன் ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பிரமு பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ராத்திரி வலி இல்லாமல் தூங்கினால் போதும் என்றாள்.

மழை பிடிப்பதற்குள் செடி பூத்தாக வேண்டும். பூக்காவிட்டால் அந்த ஆண்டு எண்ணெய் இல்லை. பிரமுவுக்கு அடுத்த ஆண்டு என்று ஒன்று இருக்கிறதா என்பதை யாரும் பேசவில்லை.

செடியை எப்படி வளர்ப்பது என்று அவர் குருவிடம் கேட்டார்.

"நான் செய்வதைப் பாருங்கள்" என்றார் குரு.

பார்ப்பதற்கு அவருக்குச் சொல்லித்தர வேண்டுமா? குரு பூவாளியை எப்படிச் சாய்க்கிறார் என்று பார்த்தார். இடது கையால் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வார். லேசாகச் செருமுவார். கொஞ்சம் ஊற்றுவார். ஊற்றிவிட்டுத் தலையைச் சாய்த்து நிற்பார். மறுபடி ஊற்றுவார். சில நாள் மண்ணில் கையை மட்டும் வைத்துவிட்டு ஒன்றும் ஊற்றாமல் போய்விடுவார். என்றாவது ஒரு நாள் மண் காயாமல் மேலே பரப்பிய மூடாக்கு வைக்கோலை விலக்கி, மக்கிய சாணமும் வேப்பம் பிண்ணாக்கும் ஒரு பிடி தூவுவார்.

கோமதிநாயகம் அத்தனையும் செய்தார். குரு ஊற்றிய அன்று ஊற்றினார். ஊற்றாத அன்று ஊற்றவில்லை. தலைப்பு இல்லாததால் துண்டைப் பிடித்துக்கொண்டார். செருமலையும் விடவில்லை. தலையைச் சாய்த்து நிற்பதையும் விடவில்லை.

எண்ணெய் காய்ச்சுகிற தாணுலிங்கம் இதைப் பார்த்துவிட்டு, "வே, நீரு செருமுத செருமல்ல செடிக்கு ஜலதோஷம் பிடிச்சிரும்" என்றார்.

ஜலதோஷம்போலத்தான் ஆனது. குருவின் தொட்டி கிழக்கு ஜன்னலோரம் இருந்தது. கோமதிநாயகத்தின் தொட்டி வெயில் தாமதமாக வரும் மூலையில் இருந்தது. அங்கே செடியின் கீழ் இலைகள் முதலில் மஞ்சள் ஆயின. பயந்துபோய் ஒரு பிடி பிண்ணாக்கு சேர்த்துப் போட்டார். தங்கை முனகும் சத்தம் கேட்ட அன்று இன்னொரு பிடி. வெல்லம் போட்டு ஊறவைத்த மீன் கரைசலை, பெற்ற பிள்ளைக்குப் பால் புகட்டுவதுபோல் ஊற்றினார். இலை நுனிகள் கருகின. மண்ணிலிருந்து, மூடி வைத்த பழைய பாத்திரத்தைத் திறந்ததுபோல் ஒரு வாடை வந்தது.

பிரமுவின் கட்டிலருகே உட்கார்ந்து அவர் கண்டக்டர் குரலில் பேசினார். அவள் சிரிக்கப் பார்த்தாள். பாதியிலேயே பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"செடி எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டாள்.

"தளதளன்னு இருக்கு" என்றார், யாரோ ஒருவர் குரலில்.

மறுநாள் உச்சி வெயிலில் அவர் எண்ணெய் காய்ச்சும் அறைக்கு வெளியே போய் நின்றார். காய்ச்சும்போது தாணுலிங்கம் சட்டியிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார் என்பது அவருக்குத் தெரியும். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, லேசாகச் செருமி, குருவின் குரலில் சொன்னார்: "தாணு, ஆளில்லாதவர்களுக்கு வைத்திருக்கிற குப்பியைக் கொஞ்சம் கொடுங்கள்."

கதவிடுக்கு வழியாகக் குப்பி வந்தது. அதை மடியில் செருகிக்கொண்டு திரும்பினார்.

குரு பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

கோமதிநாயகத்துக்கு அப்போது எந்தக் குரலும் வரவில்லை.

"அப்படியே என் குரல்" என்றார் குரு. "நானே உள்ளே இருந்திருந்தால் நானே எடுத்துக் கொடுத்திருப்பேன். வாருங்கள். இதே குரலில் உங்கள் தொட்டியிடம் பேசிப் பார்ப்போம்."

குப்பியைக் கொடு என்று அவர் கேட்கவில்லை. அது சீடரின் மடியிலேயே கனத்தது.

கண்ணாடி அறைக்குள் போனதும் குரு கதவைச் சாத்தினார். கூரைக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த கோரைப்பாய்த் திரைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். நடுப்பகல் இருட்டானது. குருவின் கை எங்கே இருக்கிறது, பூவாளி எங்கே இருக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை.

"இருட்டில் உங்களைப் பார்க்க முடியவில்லையே, அம்மா" என்றார் கோமதிநாயகம்.

"அதற்குத்தான்."

குரு அவர் தோளைப் பிடித்து ஜன்னலோரத் தொட்டியின் அருகே மண்டியிட வைத்தார். காதை மண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னார். பிறகு கொஞ்சம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதுவும் நின்றது.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு எங்கோ அடியில் ஒரு சொடுக்கு. பக்கத்தில் இன்னொன்று. பிறகு பத்து, நூறு. வெந்நீரில் போட்ட அரிசி விரிவதுபோல, ஈரத் துணியை யாரோ நூல் நூலாகப் பிரிப்பதுபோல, எறும்புகள் கூட்டம் போட்டுப் பேசுவதுபோல. மண் தண்ணீரை வாங்கிக்கொண்டிருந்தது. ஒரே வாயால் வாங்கவில்லை. ஆயிரம் வாய் இருந்தது. மேலே வாங்கியது கீழே சொன்னது. கீழே இருந்தது அதற்கும் கீழே சொன்னது. திருவிழாக் கூட்டத்தை மேடையிலிருந்து கேட்டுப் பழகிய காது அவருடையது. எந்தத் திருவிழாவிலும் இத்தனை பேர் இத்தனை மெல்லப் பேசி அவர் கேட்டதில்லை.

அவர் காதை இன்னும் மண்ணோடு ஒட்டவைத்தார்.

சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. குரு மறுபடி கொஞ்சம் ஊற்றினார். மறுபடி அந்தப் பேச்சு எழுந்தது. இந்த முறை சீக்கிரம் அடங்கியது. குரு பூவாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஊற்றிவிட்டு நான் தலையைச் சாய்த்து நிற்பேனே. என்ன செய்கிறேன் என்று நினைத்தீர்கள்?"

"மூச்சு வாங்குகிறீர்கள் என்று நினைத்தேன், அம்மா."

இருட்டில் குரு சிரிப்பது கேட்டது.

பிறகு மூலைத் தொட்டிக்குப் போனார்கள். பூவாளி அவர் கைக்கு வந்தது. கோமதிநாயகம் ஒரு வாய்த் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காதை வைத்தார். ஒரு சொடுக்குகூட இல்லை. தண்ணீர் மேலேயே நின்றது. வெகு நேரம் கழித்து ஒரு குமிழி வந்து உடைந்தது. பழைய பாத்திரத்தின் வாடை முகத்தில் அடித்தது.

ஆள் இல்லாத ஊரில் நின்று குரல் கொடுத்ததுபோல இருந்தது அவருக்கு.

"செத்துவிட்டார்களா?" என்று கேட்டார். செடியைப் பற்றி அவர் கேட்கவில்லை; மண்ணுக்குள் பேசுகிறவர்களைக் கேட்டார்.

"பாதிப் பேர் இருப்பார்கள்" என்றார் குரு.

குரு ஒரு திரையை மட்டும் தூக்கினார். தன் தொட்டியின் வைக்கோலை விலக்கினார். அடியில் மண் முழுக்கப் பூஞ்சை வெள்ளை நூலாகப் பின்னிக் கிடந்தது. வேரும் நூலும் ஒன்றையொன்று கோத்திருந்தன. ஒரு மண்புழு வெளிச்சத்தைப் பார்த்து வெட்கப்பட்டு உள்ளே போனது. புழுவோடும் நூலோடும் இரண்டு கை மண்ணை அள்ளி, குரு அவர் தொட்டியில் இட்டு, வைக்கோலால் மூடினார்.

"இனி என்ன தீனி போடட்டும்?"

"ஒன்றும் வேண்டாம்."

"மழைக்கு முன்னால் பூக்க வேண்டுமே, அம்மா. செடி பட்டினியாக…"

"பட்டினி எங்கே இருக்கிறது, அண்ணாச்சி? உள்ளே பந்தி நடந்துகொண்டிருக்கிறது. போட்ட இலையே காலியாகவில்லை. நீங்கள் மேலே மேலே பரிமாறினால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து ஓடாமல் என்ன செய்வார்கள்?"

கோமதிநாயகம் எழுந்தார். மடியில் குப்பி இடித்தது. குரு அந்தப் பக்கம் பார்க்காமல் பூவாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அவர் நேராக எண்ணெய் அறைக்குப் போய்க் கதவிடுக்கில் கையை நீட்டினார். "தாணு, இந்தக் குப்பியை எடுத்து உள்ளே வையும்."

தாணுலிங்கம் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இது யாரு குரல்வே? புதுசா இருக்கு."

"என் குரல்."

தாணுலிங்கம் அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

அதன் பிறகு சும்மா இருப்பதுதான் அவருக்கு வேலையாக இருந்தது. அதைப்போலக் கடினமான வேலையை அவர் பார்த்ததில்லை. பிரமு முனகும்போதெல்லாம் கை பிண்ணாக்கு மூட்டைப் பக்கம் போகும். கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு தொட்டியருகே உட்கார்ந்துகொள்வார். வாடை குறைந்த பிறகு ஒரு நாள் உள்ளங்கை அளவு தண்ணீர் விட்டுக் கேட்டார். ஒன்றுமில்லை. வேறொரு நாள் விட்டுக் கேட்டார். எங்கோ ஒரு மூலையில் ஒரே ஒரு சொடுக்கு. அவர் அழுதுவிட்டார்.

பந்தியில் சாப்பிடும்போது தாணுலிங்கம் சீண்டினார். ஊர்ப்பட்ட குரலெல்லாம் பேசுகிறீரே, அந்த மண்ணு குரலையும் ஒரு தடவை பேசிக் காட்டும் என்றார். கோமதிநாயகம் வாயைத் திறந்தார். நாக்கை மேலண்ணத்தில் தட்டிப் பார்த்தார். உதட்டைக் குவித்துப் பார்த்தார். கடைசியில் சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டார்.

"ஒரு வாய் போதாது வே" என்றார். "ஊரே சேர்ந்து பேச வேண்டும்."

மழை மேகம் எதிர் மலையில் வந்து உட்கார்ந்த சமயத்தில் செடி பூத்தது. பெரிய செடி அல்ல. அறையில் இருந்ததிலேயே அதுதான் சின்னது. ஆனால் பூ பிசுபிசுப்பாக, எலுமிச்சைத் தோலும் ஈர மண்ணும் கலந்த வாசத்தோடு இருந்தது. குரு வந்து தண்டை மட்டும் மண்ணோடு ஒட்ட அறுத்தார். வேரைப் பிடுங்க விடவில்லை. அது அவர்களுக்கு என்று சொல்லி வைக்கோலை மூடினார்.

எண்ணெய் கொஞ்சம்தான் கிடைத்தது. குப்பியில் பாதிகூட இல்லை.

குரு அளந்து கொடுத்த அன்று மாலை, பிரமு கண்டக்டர் குரல் வேண்டும் என்றாள். கோமதிநாயகம் ஆரம்பித்தார். ரைட், ரைட், படியில் நிற்காதே, மேலே ஏறு, சில்லறை இல்லாதவன் எல்லாம் இறங்கு. வெளியே மழை பிடித்துக்கொண்டது. பஸ் இரண்டாவது நிறுத்தத்துக்குப் போவதற்குள் பிரமு தூங்கிவிட்டாள். பல்லைக் கடிக்கவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

மேடை ஏறிய நாள் முதல் தன் நிகழ்ச்சியில் ஒருவர் தூங்கிவிட்டதற்காக அவர் சந்தோஷப்பட்டதில்லை. அன்று பட்டார். அவள் எழுந்துவிடக் கூடாதே என்று பஸ்ஸை மெல்ல மெல்ல ஓட்டி, குரலை இறக்கி, சத்தமில்லாமல் நிறுத்தினார்.

பிறகு மழையில் நனைந்துகொண்டே கண்ணாடி அறைக்குப் போனார். குரு அங்கே இருந்தார். கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. கோமதிநாயகம் வயதைப் பார்க்காமல் அவர் காலில் விழப் போனார். குரு விலகிக்கொண்டார். அவர் தலை குனிந்த இடத்தில், தண்டு அறுத்த அந்த மூலைத் தொட்டி இருந்தது.

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வைக்கோல் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அம்மா, உங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது யார்?"

குரு வைக்கோலை விலக்கினார். தண்டு போன இடத்தில், ஈர மண்ணில், வெள்ளை நூல்கள் மிஞ்சிய வேரைச் சுற்றிப் பின்ன ஆரம்பித்திருந்தன.

"தெரியாது, அண்ணாச்சி. நான் வந்தபோதே பேசிக்கொண்டிருந்தார்கள்."