தன்னைத் தின்னாத வயிறு

ஆசான்களின் கதைகளில் பெண் வந்தால் எச்சில் இலை எடுப்பாள். இல்லையேல் தவத்தைக் கலைப்பாள். கேள்வி கேட்க வந்தவளை யாரும் எழுதுவதில்லை. அப்படி வந்த ஒருத்தியின் பெயர் செங்கமலம். வயது நாற்பது. கணவனை வயிற்றுப்புண்ணுக்குப் பறிகொடுத்தவள்.

மருத்துவம் கற்க அவள் தேடிப்போன ஆசான் தில்லைவனம் அவளைவிட இளையவர். மலைமேல் இருந்த அவருடைய இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. சேர வருபவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதற்கு அந்த இல்லத்து ஓலை ஏட்டில் விடை இருந்தால், அன்றே ஊர் திரும்ப வேண்டும். பெரும்பாலோர் ஆன்மாவைப் பற்றிக் கேட்டார்கள். ஆன்மாவுக்கு ஏட்டில் விடை ஏராளம். மாலைக்குள் மலையிறங்கினார்கள்.

சமையற்கட்டு பின்புறம் இருப்பதாக மூத்த சீடன் வாமதேவன் அவளுக்கு வழிகாட்டினான். அவள் ஆசானுக்கு எதிரே போய் அமர்ந்தாள்.

“ஆட்டுக்குடலைத் தின்கிறோம். நம் வயிறு அதைக் கரைத்துவிடுகிறது. நம் வயிறும் அதே சதைதானே. அது ஏன் தன்னைக் கரைத்துக்கொள்வதில்லை?”

சைவ இல்லத்தில் குடல் பேச்சா என்று வாமதேவன் முகம் சுளித்தான்.

“உங்களுக்குக் குடல் இல்லையா, சாமி?” என்றாள்.

வாமதேவன் ஏட்டை மளமளவென்று ஒப்பித்தான். பல் அரைக்கும், உமிழ்நீர் இளக்கும், இரைப்பையின் புளிப்பு கரைக்கும், பித்தம் நெய்யைப் பிரிக்கும், சிறுகுடல் சாரத்தை உறிஞ்சும், பெருங்குடல் நீரை எடுத்துக்கொண்டு சக்கையைத் தள்ளும். அத்தனையும் சரி. உண்ட சோற்றுக்கு நேர்வதெல்லாம் அதில் இருந்தது. உண்ணும் வயிற்றுக்கு நேர்வது ஒரு வரிகூட இல்லை.

ஆசானின் கண்கள் மின்னின. அடிவாரத்துக் கசாப்புக் கடைக்கு ஓடும்படி வாமதேவனைப் பணித்தார். ஆட்டுக்கு இரைப்பை நான்கு என்றும், கடைசி அறையைக் கேட்டு வாங்க வேண்டும் என்றும் பின்னாலேயே வந்து சொன்னார். வாமதேவன் அதை இலையில் பொதிந்து, உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தான்.

ஆசான் அதைக் கீறி விரித்தார். இருவரும் தலை முட்டக் குனிந்தார்கள். உட்சுவரில் அவர் விரல் வழுக்கியது. அவள் விரலும் வழுக்கியது.

“கவசம்,” என்றார்.

“சதையைக் கரைக்கிற புளிப்பு இந்தக் கொழகொழப்பை மட்டும் விட்டுவிடுமா?”

ஆசானின் குரல் வேகமெடுத்தது.

“விடாது. இதையும் அரிக்கும். அரிக்க அரிக்கச் சுரக்கிறது. ஓயாமல் சுரக்கிறது.”

“சுரப்பது குறைந்தால்?”

அவர் அந்தக் கொழகொழப்பை ஓரிடத்தில் நகத்தால் வழித்தார்; அடியில் வெறும் சதை தெரிந்தது.

“என் வீட்டுக்காரர் வயிறு தன்னையே தின்றது,” என்றாள். “ஏன் என்று தெரியாமல் ஊருக்குத் திரும்பமாட்டேன்.”

கை கழுவி வந்த வாமதேவன் விடவில்லை. கேள்வி ஏட்டில் இல்லை என்பதை ஒப்புக்கொண்டான். ஆனால் இவள் வந்த அன்றே ஏட்டில் ஓட்டை விழுந்துவிட்டது என்றான். இவளைத் தினமும் உட்காரவைத்துக் கேட்கவிட்டால் ஏடு என்ன ஆகும் என்று ஆசானிடம் முறையிட்டான்.

“அரிபடும்,” என்றார் ஆசான். “நாம்தான் சுரக்க வேண்டும்.”

செங்கமலம் அங்கேயே தங்கிப் படித்தாள். தன் கேள்விக்கு விடை கண்ட பின்னரே ஊர் திரும்பி வைத்தியம் பார்த்தாள். அவளிடம் வந்த வயிற்றுப்புண்காரர்களில் பலர் பிழைத்தார்கள், சிலர் இறந்தார்கள். முதுமையில் காய்ச்சல் கண்டு அவளும் இறந்தாள்.