உப்புத் தின்ற கொடி

முதலில் தப்புச் செய்தவன் மாசிலாமணி. இதை யாரும் மாற்றிச் சொல்ல வேண்டாம்.

தேன்கல் மலையில் மே மாதம் தோறும் மலர்க் கண்காட்சி நடக்கும். பந்தல் பொறுப்பு மாசிலாமணியுடையது. போன ஆண்டு சென்னியப்பன் ஒரு கிளமேட்டிஸ் கொடியைத் தொட்டியில் வளர்த்து, முந்தின நாளே கொண்டுபோய் வைத்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஊதாப் பூக்கள். விடிந்து பார்த்தால் பந்தலில் பாதிப் பூ இல்லை. ஓடில்லாத நத்தைகள் தின்றுவிட்டு, வழவழவென்று கோடு போட்டுவிட்டுப் போயிருந்தன.

ஊர் கூடி நிற்க, மாசிலாமணி சென்னியப்பனின் தொட்டியைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தான்.

"எல்லாம் இந்த ஆளு கொண்டுவந்தது. இவரு செடி வளக்கல, நத்தை வளக்குறாரு."

ஊர் சிரித்தது.

அறுபத்து நாலு வயதில் சென்னியப்பனுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அதே பந்தலில், அதே ஆட்களுக்கு முன்னால், அதே வாயால், "தப்பு என்னுது" என்று ஒரு வார்த்தை.

கீழ்ச்சரிவில் நாற்றுப் பண்ணை வைத்திருந்த ரெபேக்காவிடம் போய் நின்றார். அவளுக்கு அவர் மகள் வயது. அந்த மலையில் கிளமேட்டிஸ் அவள் கைக்குத்தான் அடங்கும் என்பார்கள்.

"அம்மிணி, எனக்குக் கத்துக் குடுங்க."

"எதுக்குங்கய்யா?"

"மாசிலாமணி மூஞ்சில கரியப் பூச."

"எனக்குக் கொடி வளக்க மட்டுந்தான் தெரியும்."

"அது போதும்."

வேர் நிழலில் இருக்க வேண்டும், தலை வெயிலில் இருக்க வேண்டும் என்றாள். தண்டில் இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி ஆழமாக நடச் சொன்னாள். நத்தைக்கு மருந்து கூடாது; அதைத் தின்ன வரும் தவளையும் சேர்ந்து சாகும். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஈரச் சாக்கைப் போட்டால் நத்தையெல்லாம் அதற்கடியில் போய்ப் பதுங்கும். விடிந்ததும் சாக்கைத் தூக்கி, கையால் பொறுக்கி, வாத்துக்குப் போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான்.

சென்னியப்பன் பொறுக்கினார். ஆனால் பொறுக்கப் பொறுக்க ஆத்திரம் ஆறவில்லை. ஒவ்வொரு நத்தைக்கும் மாசிலாமணியின் முகம் இருந்தது. தை மாதம் ஒரு நாள் கல்லுப்பை அள்ளித் தொட்டிக்குள் வீசினார். நத்தைகள் நுரை தள்ளிக் கரைந்தன. நின்று ரசித்தார். மறுநாளும் வீசினார். அதற்கு மறுநாளும்.

பத்தாம் நாள் கொடி தலையைத் தொங்கப் போட்டது. தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பண்ணைக்கு ஓடினார்.

"போச்சு அம்மிணி. எல்லாம் போச்சு."

ரெபேக்கா மண்ணை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"நத்தை மேல போட்டீங்களா, மாசிலாமணி மேல போட்டீங்களா?"

அவர் தொட்டியை மெல்லக் கீழே இறக்கினார்.

"உப்பத் தின்னது யாருங்கய்யா?"

"கொடி" என்றார், தரையைப் பார்த்து.

அவள் கத்தரியை எடுத்து, தண்டை மண்ணோடு ஒட்ட வெட்டினாள். தன் கழுத்தை அறுத்த மாதிரி சென்னியப்பன் அலறினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேரை உதறி, ஏழு வாளித் தண்ணீரில் அலசினாள்.

"உப்பத் தின்னா தண்ணி குடிச்சுத்தான ஆகணும்" என்றாள். புது மண்ணில் நட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"வெறுந் தொட்டியத் தூக்கிட்டா ஊருக்குள்ள நடக்கச் சொல்றீங்க?"

"கணு உள்ள இருக்குது. நடங்க."

பதினெட்டு நாள் வெறும் மண். பத்தொன்பதாம் நாள் நகத்தளவில் இரண்டு தளிர். உப்புச் சாடியைத் தூக்கி மனைவியிடம் கொடுத்துவிட்டு, பழையபடி பொறுக்க உட்கார்ந்தார். மே மாதம் வந்தபோது கொடியில் அறுபத்தொரு பூ.

கண்காட்சி அன்று, பனி விலகுமுன் சென்னியப்பனும் ரெபேக்காவும் கொடியோடு பந்தலுக்குள் போனார்கள். தரை குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று மாசிலாமணி தொட்டிகளுக்கு அடியில் நனைத்த சாக்கு விரித்திருந்தான். போன ஆண்டும் விரித்தவன் அவன்தான். சென்னியப்பன் ஒரு முனையைத் தூக்கினார். அடியில் நத்தைகள் கொழுத்துக் கிடந்தன.

"அம்மிணி! பாத்தீங்களா? அவன் சாக்குலதான் இருந்திருக்குது! அப்படியே விடுங்க. பத்து மணிக்கு ஊரு வரட்டும், எல்லாருக்கும் முன்னால தூக்கிக் காட்டுறேன்."

ரெபேக்கா பக்கத்துத் தொட்டியைக் காட்டினாள். யாரோ ஒருத்தியின் டேலியா. ஒரு நத்தை விளிம்பைத் தாண்டி மொட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

சென்னியப்பன் நத்தையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பத்து மணிக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.

"வாளி எங்க?" என்றார்.

சாக்கு சாக்காகத் தூக்கிப் பொறுக்கினார். மாசிலாமணியின் பிகோனியா தொட்டியிலும் பொறுக்கினார்; அதை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்த ஆண்டு ஒரு பூவிலும் பல் படவில்லை. முதல் பரிசு சென்னியப்பனின் கொடிக்கு. கோப்பையைக் கொடுக்க மேடையில் நின்றவன் மாசிலாமணி. சென்னியப்பன் ஒரு கையில் வாளியோடு ஏறினார்.

"வாளி எதுக்குய்யா?" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

"நம்ம மாசிலாமணி சாக்குல வளத்ததுங்க! பத்திரமாக் கொண்டாந்திருக்கேன்."

வாளியைச் சாய்த்துக் காட்டினார். பந்தல் அதிர ஊர் சிரித்தது. மாசிலாமணி வாளிக்குள் பார்த்தான். கடிபடாத தன் பிகோனியாவைப் பார்த்தான். கோப்பையை நீட்டினான்.

"பூ நல்லா வந்திருக்குது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடியே சென்னியப்பன் சரிவில் இறங்கினார். எதிரே வந்தவர்களெல்லாம் கைதட்டினார்கள். பண்ணை வாசலில்தான் கை தாழ்ந்தது.

"ஜெயிச்சாச்சு அம்மிணி. ஆனா தப்பு என்னுதுன்னு அவன் கடைசி வரைக்கும் சொல்லலையே. அந்த வார்த்தை எனக்கு இன்னும் பாக்கிதான?"

"பாக்கிதான்."

"அத நான் என்ன பண்றது?"

ரெபேக்கா கோப்பையை வாங்கித் துடைத்து அவரிடமே கொடுத்தாள்.

"அது பாட்டுக்கு நிக்கட்டுங்கய்யா. தண்ணி மட்டும் ஊத்தாதீங்க."