ஐந்து லட்சத்துப் பத்தாயிரத்து ஐந்நூற்றுப் பதினொன்று

“அம்மா, என் எண்ணை முடித்துவிட்டேன். காவி கொடுங்கள்” என்றார் பூவராகன்.

அந்த மலை மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. துறவு கேட்டு வருபவருக்கு ஓர் எண்ணைத் தருவார்கள். அதன் இயல்பை முழுக்கச் சொன்ன பிறகுதான் காவி. அதன்பின் மலையிறங்கி வீட்டுக்குப் போக முடியாது.

பூவராகனுக்குக் கிடைத்த எண் 5,10,511.

குரு மதங்கி அம்மைக்கு வயது முப்பத்தெட்டு. சிஷ்யருக்கு ஐம்பத்தொன்று. (ஐம்பத்தொன்று பார்வைக்குப் பகா எண் போலவே இருக்கும். ஆனால் மூன்றால் வகுபடும்.)

வாசலில் அவர் மனைவி சௌந்தரவல்லி ஒரு தாளோடு நின்றிருந்தாள். மனைவி கையெழுத்திடாமல் மடம் துறவு தராது.

“எட்டு மாசமா அந்த எண்ணோட குடித்தனம் நடத்தியாச்சு. என்னதான் சொல்லுது அது? எனக்குப் பதினொரு மணிக்கு பஸ்.”

“அது பகா எண்” என்றார் பூவராகன். “ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாது. என்னைப் போல.”

“உங்களைப் போலவா! வெந்நீர் போட நான் வரணும்.”

அம்மை கேட்டார்: “எவற்றால் வகுத்துப் பார்த்தீர்?”

“இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, பதினேழு. ஏழு தடவையும் மீதி ஒன்று.”

“அப்புறம்?”

“அப்புறம் எதற்கு? நான் இருபத்தைந்து வருடம் சர்வேயர். மூலைக்கற்கள் சரியாக இருந்தால் நிலம் சரி.”

“அந்தக் கற்களை நட்டதே நான்தான். அந்த ஏழு எண்களையும் பெருக்கி, ஒன்றைக் கூட்டித்தான் உமது எண்ணைச் செய்தேன். மீதி ஒன்று வராமல் வேறு என்ன வரும்?”

 

அம்மை வாசல் பக்கம் திரும்பினார். “கல்யாணமாகி எத்தனை வருடம்?”

“போன வைகாசியோட பத்தொன்பது.”

அம்மை சிலேட்டையும் பலப்பத்தையும் பூவராகன் முன்னால் நகர்த்தி வைத்தார்.

அவர் பத்தொன்பதால் வகுத்தார். கடைசி வரியில் பலப்பம் நின்றது.

“மீதி?”

“பூஜ்யம்.”

“ஈவு?”

“இருபத்தாறாயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்பது.”

“அது வகுபடுமா?”

“தெரியாது, அம்மா.”

எட்டு மாதத்தில் அவர் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அம்மை சிலேட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “இது மடத்துச் சொத்து. மலையிறங்கக் கூடாது.”

பூவராகன் மனைவியைப் பார்த்தார்.

சௌந்தரவல்லி கையெழுத்திடாத தாளை நான்காக மடித்துப் பையில் போட்டாள்.

“வீட்டுல போன வருஷக் காலண்டர் இருக்கு. பின்பக்கம் பூரா வெள்ளைதான்.”