இடப்பக்கம் முறுக்கிய இனிப்பு

சிங்கராஜாவின் பாயசம் கசந்தது. வேப்பெண்ணெய் தோற்றுப் போகும்.

ராஜாவுக்குச் சர்க்கரை வியாதி. வெல்லம் கூடாது, தேன் கூடாது. அதனால் கரடி ஒரு கொடியின் நாரை முறுக்கிப் பாயசத்தில் போடும். வெல்லமாய் இனிக்கும். வியாதி ஏறாது. அந்தக் கரடி மாமியார் காட்டுக்குப் போயிருந்தது.

"எனக்கும் அந்த வேலை அத்துப்படி!" என்று நரி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது.

"தூ! என்னடா இது?" என்றது சிங்கம்.

"இன்னும் ரெண்டு நார் போட்டா இனிக்கும், மகாராஜா!"

போட்டது. இன்னும் கசந்தது.

"நாரைத் தலைகீழாப் போடணுமோ என்னமோ!"

போட்டது. கசந்தது.

"அப்ப மகாராஜா தலைகீழா நின்னு குடிச்சா..."

காட்டுக்கே ராஜா தலைகீழாக நின்றது. இரண்டு யானைகள் காலைப் பிடித்துக்கொண்டன. பாயசம் மூக்கில் ஏறியது. மூக்கும் கசந்தது!

"பொழுது சாயறதுக்குள்ள இனிக்கணும். இல்லேன்னா இன்னிக்கு நரிக்கறி! அதுக்கு இனிப்பே வேண்டாம்!"

நரி நாரை அள்ளிக்கொண்டது. குளக்கரைக்கு ஓடியது. முறுக்கி முறுக்கிப் பார்த்தது. அதே கொடி. அதே நார். அதே மூன்று சுற்று. பிறகு ஏன் கசக்கிறது?

கல்லில் ஒட்டியிருந்த நத்தை கேட்டது: "நரியண்ணே, இதை யார்கிட்ட படிச்சீங்க?"

"கரடிகிட்ட!"

"அது சொல்லிக்கொடுத்துச்சா?"

"நான் போய்க் கேட்கிறதா? என் மரியாதை என்னாகிறது! புதருக்குள்ள ஒளிஞ்சிருந்து, குளத்துத் தண்ணியில அது கையைப் பார்த்துப் படிச்சேன்!"

நத்தை சிரித்த சிரிப்பில் கல்லிலிருந்து வழுக்கியது.

"தண்ணியில வலம் இடமாத் தெரியுமே! கரடி முறுக்கினது வலப்பக்கம். நீங்க இடப்பக்கம் முறுக்கறீங்க!"

"எந்தப் பக்கமா இருந்தா என்ன? நார் ஒண்ணுதானே!"

"ரெண்டு செருப்பும் ஒரே தோல்தான். வலக்கால் செருப்பை இடக்கால்ல போட்டு நடங்க பார்ப்போம்! தலைகீழாத் திருப்பினாலும் பொருந்தாது. நாக்குக்கும் அப்படித்தான்."

"நான் செருப்பே போடறதில்லையே!"

"அதான் தெரியலை."

நரி வலப்பக்கம் முறுக்கப் பார்த்தது. பழகிய கை இடப்பக்கமே போனது. சூரியன் மரத்தின் இடுப்புக்கு இறங்கிவிட்டது. நரி அழுதது.

"அழாதீங்க. என் ஓட்டுச் சுழி வலப்பக்கம்தான். அது மேலேயே நாரைச் சுத்துங்க!" என்று நத்தை முதுகைக் காட்டியது.

சுற்றியது. உருவியது. ஓடியது.

சிங்கம் குடித்தது. நாக்கைச் சப்புக்கொட்டியது. "இன்னொரு கிண்ணம்!" என்றது.

வாய்விட்டுக் கேட்க வெட்கப்பட்டு ஒளிந்து படிப்பவனின் வேலை இடம் வலம் மாறித்தான் போகும்; அன்றைக்கு அதை நேராக்கி நரியின் உயிரைக் காத்தது நத்தை.